உள்ளே வந்தவருக்கும் சோதனை உண்டு

நிறுவன வலையமைப்புக்குள் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பாமலிருப்பதே ‘ஜீரோ டிரஸ்ட்’ பாதுகாப்பு. பயனர் அலுவலகத்தில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் ஒரே விதிதான்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆளும் அவருடைய கணினியும் சோதிக்கப்படும். ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010இல் இக்கருத்தை இந்தப் பெயரில் முன்வைத்தார்.

பழைய முறையில் ஃபயர்வால்தான் எல்லை. வெளியில் இருப்பவர் வி.பி.என். வழியாக உள்ளே வருவார். வந்தபின் பெரும்பாலும் கேள்வி கிடையாது. கோட்டை வாசலில் காவல் போட்டுவிட்டு உள்ளறைகளைத் திறந்து வைத்த கதைதான். ஒரு ஊழியரின் கணினி தாக்குபவர் கையில் சிக்கினால் அங்கிருந்து சர்வர் சர்வராகத் தாவலாம். 2009இன் பிற்பகுதியில் கூகுள் இப்படித்தான் அடிபட்டது. சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன் அறிவுச்சொத்து திருடுபோனதாக 2010 ஜனவரியில் அது அறிவித்தது.

அதன்பின் கூகுள் கட்டியெழுப்பிய ‘பியாண்ட்கார்ப்’ இத்துறையின் முன்னோடி. ஊழியர்களின் ஒவ்வொரு கருவியும் பதிவேட்டில் ஏறியது. அடையாளத்துக்கு டிஜிட்டல் சான்றிதழ் தரப்பட்டது. அலுவலகத்துக்குள் இருக்கும் இணைப்பும் சலுகை எதுவுமற்ற சாதாரண இணைப்பாக மாறியது. உள் மென்பொருள்களை அணுக எல்லாரும் ஒரு ப்ராக்ஸியைக் கடக்க வேண்டும். ஆள் யார், கருவி பதிவானதா, அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறியுள்ளனவா என்று பார்த்தே அது வழிவிடும்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினம், பழைய மென்பொருள்களை உடைக்காமல் இந்த மாற்றத்தைச் செய்வது. கூகுள் முதலில் எதையும் தடுக்கவில்லை. புதிய விதி வந்தால் யாருடைய வேலை நின்றுபோகும் என்று போக்குவரத்தைக் கவனித்து, சிக்கல் தீர்ந்தவர்களைப் படிப்படியாக மாற்றியது. இதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. கையிருப்பில் என்னென்ன கருவிகள் உள்ளன என்றே தெரியாத நிறுவனம் இந்த வழியில் முதல் அடிகூட வைக்க முடியாது.

செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதும் மலிவானதல்ல. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய்வழி நாட்கணக்கில் நின்றது. புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாகத் திருடர்கள் நுழைந்திருந்தார்கள். கடவுச்சொல் தவிர அதற்கு வேறு பூட்டு இல்லை. சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கைமாறியது. அதே மாதம் அமெரிக்க அரசு தன் துறைகளை ஜீரோ டிரஸ்டுக்கு மாறத் திட்டமிடும்படி உத்தரவிட்டது.

‘ஜீரோ டிரஸ்ட் பெட்டி’ என்று எதையாவது விற்க வருபவரிடம் எச்சரிக்கை தேவை. அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2020இல் வெளியிட்ட வழிகாட்டி இதை ஒரு கொள்கைத் தொகுப்பாகவே வரையறுக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் பழைய முறையையும் புதியதையும் காலவரையறையின்றிச் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கும் என்றும் அது சொல்கிறது.