இடமா, வலமா?

நுழையும்முன்

பறக்கும்போது எந்திரம் நின்றுவிட்டால் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு நிகழ்வதில்லை. ஓர் எந்திரம் பழுதுற்றாலும் மற்றதைக் கொண்டு பாதுகாப்பாக இறங்க இயலும். அப்படியிருந்தும் ஒருமுறை, நல்ல எந்திரம் ஒன்று கைவசம் இருந்தபோதே ஒரு விமானம் தரையில் மோதியது. அது ஏன் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

விமானத்தைத் தாங்கி நிற்பது எந்திரம் அன்று, இறக்கை. இறக்கையின்மீது காற்று விரைந்து பாயும்வரை விமானம் மிதக்கும். அந்த விரைவைத் தருவதே எந்திரத்தின் வேலை. எந்திரம் நின்றுவிட்டால், உயரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து விரைவைப் பெற்றுக்கொள்ளலாம். மிதிப்பதை நிறுத்திய மிதிவண்டி சரிவில் உருண்டு செல்வதை ஒத்தது இது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம், எந்திரங்கள் அனைத்தும் நின்றுபோனாலும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு சறுக்கிச் செல்லும். 1982ஆம் ஆண்டு சூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரித்தானிய விமானம் ஒன்றின் நான்கு எந்திரங்களும் அணைந்தன. சறுக்கியவாறே சாம்பலைவிட்டு வெளியேறியபின் விமானிகள் அவற்றை மீண்டும் இயக்கினர். சகார்த்தாவில் அனைவரும் நலமுடன் இறங்கினர்.

நான்கும் நிற்பது மிக அரிது. ஒன்று நிற்பதே விமானிகள் அடிக்கடி பயிற்சி பெறும் நிலை. இரண்டு எந்திரங்கள் உள்ள விமானத்தில் இடப்புற எந்திரம் நின்றால், வலப்புற எந்திரம் மட்டும் தள்ளுவதால் விமானத்தின் மூக்கு இடப்புறம் திரும்பும். துடுப்புப் படகில் ஒருபுறம் மட்டும் வலித்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். விமானி உடனே வலக்கால் மிதியை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி, மூக்கை நேராக்குவார். விமானத்தை நிலையாகப் பறக்கச் செய்வதே முதல் வேலை. எங்கே செல்வது என்று முடிவு செய்வது அதற்கடுத்தது. தரையிலுள்ளோரிடம் பேசுவது அதற்கும் பிறகு. இவ்வரிசையை விமானிகளின் நெஞ்சில் பதியவைப்பார்கள். பழுதுற்ற எந்திரத்தை அணைப்பதற்குக்கூட அவசரம் வேண்டியதில்லை. அவசரம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த நிகழ்வொன்று சான்று.

1989ஆம் ஆண்டு சனவரி 8 அன்று மாலை, இலண்டனின் ஈத்ரோ நிலையத்திலிருந்து பெல்பாசுட்டுக்குப் புறப்பட்டது பிரித்தானிய மிட்லாண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானம். பயணிகளும் பணியாளருமாக 126 பேர் அதில் இருந்தனர். 28,000 அடிக்குமேல் ஏறிக்கொண்டிருந்தபோது இடப்புற எந்திரத்தின் முன்புற விசிறியில் ஓர் இதழ் முறிந்தது. சமநிலை குலைந்த விசிறி விமானத்தையே உலுக்கியது. விமானி அறைக்குள் புகைநாற்றம் நுழைந்தது.

எது பழுது? தலைமை விமானி கேட்டபோது, துணை விமானி இடப்புறம் என்று சொல்லத் தொடங்கி, சொல் முடியுமுன் வலப்புறம் என்று மாற்றிக் கூறினார். தலைமை விமானிக்கும் அது பொருத்தமாகவே பட்டது. அவர் பழகிய பழைய வகை விமானங்களைப் பற்றி, பயணிகள் பகுதிக்குள் வரும் காற்று பெரிதும் வலப்புற எந்திரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என அறிந்திருந்தார். புகை வந்ததால் வலப்புறமே பழுது என்று கருதினார். புதிய வகையிலோ இரு எந்திரங்களிலிருந்தும் காற்று வந்தது. எந்த எந்திரம் அதிர்கிறது என்று காட்டும் அதிர்வுமானி அவர்கள் கண்முன்னே இருந்தது. ஆனால் அது அளவில் சிறியது. பழைய விமானங்களில் அத்தகைய மானிகள் நம்பத்தகாதவை என்று பெயர் பெற்றவை. அவ்வகை விமானத்தில் இருவருக்கும் சேர்த்தே 76 மணி நேரப் பறப்பனுபவம்தான் இருந்தது.

வலப்புற எந்திரத்தின் விசையைக் குறைத்தனர். உடனே அதிர்வு தணிந்தது, புகையும் குறைந்தது. இங்கேதான் நிகழ்வு கொடிய திருப்பம் கொள்கிறது. தானியங்கி விசைக்கட்டுப்பாட்டை விலக்கியதும், இடப்புற எந்திரத்துக்கு மிகையாகச் சென்றுகொண்டிருந்த எரிபொருள் குறைந்தது. அதனாலேயே அதிர்வு அடங்கியது. விமானிகளோ தங்கள் முடிவே சரியென அது மெய்ப்பித்துவிட்டதாக நம்பினர். தவற்றைத் தவறு என்று காட்டவேண்டிய அடையாளமே அதனைச் சரியென்று காட்டியது. அதிர்வு தொடங்கி ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில், பழுதில்லாத எந்திரம் அணைக்கப்பட்டது.

வலப்புற எந்திரம் பழுதுற்றதாகத் தலைமை விமானி பயணிகளுக்கு அறிவித்தார். இடப்புறச் சன்னலோரம் அமர்ந்திருந்தோர் சிலர் அப்புற எந்திரத்திலிருந்து தீப்பொறிகள் பறப்பதைக் கண்டிருந்தனர். பணியாளருள்ளும் அதைக் கண்டவர் இருந்தனர். ஒருவரும் விமானி அறைக்கு அதனைச் சொல்லவில்லை. பேருந்தின் சக்கரத்தில் காற்றிறங்கினால் நடத்துநரிடம் உரக்கச் சொல்லிவிடுகிற நாமும், விமானத்தில் அமர்ந்திருந்தால் அறிந்தவருக்குத் தெரியாததா என்று வாளாவிருந்திருப்போம் என்றே தோன்றுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> பேரிடரில் விமானிகள் வானொலியில் ‘மேடே’ என்று மும்முறை கூறுவர். ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பைத் தழுவி அமைந்த அழைப்பு இது. இதனைக் கேட்டதும் மற்ற விமானங்கள் பேச்சை நிறுத்தி அலைவரிசைக்கு வழிவிடும்.

விமானம் கிழக்கு மிட்லாண்ட்ஸ் நிலையம் நோக்கித் திரும்பியது. கீழிறங்குகையில் மிகுந்த விசை தேவைப்படாததால் பழுதுற்ற எந்திரம் அமைதியாகவே ஓடியது. நடந்ததைத் திரும்ப ஆராயத் தலைமை விமானி ஒருமுறை முற்பட்டார். இடையில் வந்த வானொலிச் செய்தி அம்முயற்சியைக் கலைத்தது. பின்னர் அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

ஓடுபாதையை நெருங்கியதும் உயரத்தைக் காக்க விசையைக் கூட்டினர். ஓடுபாதைக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், 900 அடி உயரத்தில், இடப்புற எந்திரம் ஆற்றல் இழந்தது. வலப்புற எந்திரத்தை மீண்டும் இயக்க முயன்றனர்; இயலவில்லை. கெக்வொர்த் சிற்றூரைக் கடந்த விமானம், ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், எம்1 நெடுஞ்சாலையின் கரையில் மோதி உடைந்தது. 47 பேர் மாண்டனர். உயிர்தப்பிய 79 பேருள் பெரும்பாலோர் படுகாயமுற்றனர். விமானிகள் இருவரும் அவர்களுள் அடங்குவர். சாலையில் சென்ற ஊர்திகள் எவற்றிற்கும் தீங்கு நேரவில்லை.

விசாரணையாளர்கள் விமானிகளின் தவற்றை மறைக்கவில்லை. ஆயினும் அவர்களை மட்டும் குறைகூறி நின்றுவிடவுமில்லை. மானியின் அமைப்பு, புதிய கருவிகளில் அளிக்கப்பட்ட பயிற்சி, பயணிகள் பகுதிக்கும் விமானி அறைக்கும் இடையிலிருந்த மௌனம், இருக்கைகளின் உறுதி ஆகிய யாவும் ஆராயப்பட்டன. மோதும் வேளையில் பயணி எவ்வாறு குனிந்து அமர்ந்தால் காயம் குறையும் என்பதும் இவ்விபத்துக்குப்பின் விரிவாக ஆய்வுசெய்யப்பட்டது. கண்டதைத் தயங்காது விமானியிடம் சொல்லப் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இன்று விமானி அறையில் எந்திரம் ஒன்றை அணைக்க ஒருவர் மட்டும் முடிவெடுப்பதில்லை. ஒருவர் நெம்புகோலின்மீது கைவைத்து, அதனை அசைக்காமல், எந்தப் பக்கம் என்பதை வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் மானிகளையும் அக்கையையும் மாறிமாறிப் பார்த்து, அதுதான் என்று உறுதி கூறுவார். அதன் பின்னரே நெம்புகோல் நகரும். எரிபொருளை நிறுத்தும் விசைக்கும், தீயணைப்புக் கைப்பிடிக்கும் இதே முறை மீண்டும் கையாளப்படும். இதற்குச் சில நொடிகள் ஆகும்.