நாட்டுக்குத் தூதராகலாம் தமிழில். நுழைவுத் தேர்வு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்!

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து பாரகம்பா சாலை அதிக தூரமில்லை. அச்சாலையில் உள்ள சப்ரு இல்லத்தில்தான், 1955-ல், சர்வதேச உறவுகளைப் பாடமாகக் கற்பிக்கும் இந்தியப் பள்ளி பிறந்தது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். 1970-ல் அப்பள்ளி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் முனைவர் பட்டம் பெற்றதும் அப்பல்கலைக்கழகத்தில்தான்.

சென்னையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் வளர்த்த அப்பள்ளியில், தமிழகத்தின் சிற்றூர் மாணவர் இன்று முதுநிலைப் பட்டத்துக்கு இடம் பெறுவது எப்படி?

மாறிய தேர்வு முறை

முன்பு இப்பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வைத் தானே நடத்தியது. பனிப்போர், அணிசேராமை, ஐ.நா. சபை போன்றவை பற்றி மாணவர்கள் விரிவாக விடை எழுத வேண்டும். 2019-ல் தேசியத் தேர்வு முகமை நடத்தும் கணினிவழித் தேர்வாக அது மாறியது. 2022 முதல் முதுநிலைச் சேர்க்கை, "க்யூட்" எனப்படும் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறுகிறது. தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் சேரவும் இத்தேர்வே வாயில்.

இம்மாற்றத்தால் நன்மை இல்லாமல் இல்லை. ஒரே தேர்வை எழுதிப் பல மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், வாதத்தை அடுக்கிச் சொல்லும் திறனை அளக்க இதில் வழியில்லை. வெளியுறவுக்கு அத்திறனே அடிப்படை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மொழியின் சுவர்

இதைவிடப் பெரிய சிக்கல் மொழி. இளநிலைப் பட்டத்துக்கான "க்யூட்" தேர்வு தமிழ் உள்பட 13 மொழிகளில் நடைபெறுகிறது. அதே முகமை நடத்தும் முதுநிலைத் தேர்விலோ, மொழிப்பாடங்கள் போன்ற சில தவிர, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆராய்ச்சிப் படிப்புக்கு 2024-ல் அடிப்படையாக்கப்பட்ட தேசியத் தகுதித் தேர்வான "நெட்" தேர்விலும் இதே நிலைதான்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்விலும் வினாத்தாள் இவ்விரு மொழிகளில்தான். ஆனால், முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் அதில் விருப்பப் பாடம். ஆக, தமிழில் விடை எழுதி வெளியுறவுப் பணியில் சேர்ந்து, நாட்டின் தூதராகவே உயரலாம். அத்துறையைக் கற்க நுழைவதற்கு மட்டும் தமிழுக்கு இடமில்லை!

வகுப்புகளும் நூல்களும் ஆங்கிலத்தில் இருக்கும்போது, தேர்வைத் தமிழில் எழுதிப் பயன் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அப்படியானால் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் இருந்திருக்க வேண்டும். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஒரு வினாவைத் தம் மொழியிலும் படித்துச் சரிபார்த்துக்கொள்கிறார். அந்த வசதி திருநெல்வேலி மாணவருக்கும் ஒடிசா மாணவருக்கும் இல்லை. ஒவ்வொரு தவறுக்கும் மதிப்பெண் குறையும் தேர்வில் இது சிறிய வேறுபாடு அன்று.

கட்டணமும் தொலைவும்

வசதியுள்ளோர் தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ வெளிநாட்டுக்கோ செல்லலாம். மற்றவர்களுக்கு, ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய் மட்டுமே உள்ள நேரு பல்கலைக்கழகம் பெரிய வாய்ப்பு. அவ்வாய்ப்பைத் தேடித் தில்லிக்கு வர நினைப்போரையே மொழிச் சுவர் முதலில் தடுக்கிறது.

வெளியுறவுப் பணிக்கு ஆள் சேர்ப்பது குறித்தும், தனித் தேர்வு தேவையா என்பது குறித்தும் நாடாளுமன்ற நிலைக்குழு 2016-ல் ஆராய்ந்து அறிக்கை அளித்தது. இலங்கை, மீனவர், கச்சத்தீவு என வெளியுறவுப் பிரச்னைகளை அன்றாடம் அனுபவிக்கும் மாநிலம் தமிழகம். அக்கடலோரக் கிராமத்திலிருந்து ஒருவர் வெளியுறவைக் கற்க வர வேண்டுமானால், வினாத்தாளில் மூன்றாவதாக ஒரு மொழியைச் சேர்ப்பது முதல் படி. இளநிலைத் தேர்வில் 13 மொழிகளைச் சேர்க்க முடிந்த முகமைக்கு இது முடியாத காரியமா? நம் உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கேள்வி இது.