நத்தர் வலியும் முத்தலை அரக்கனும்

காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையும், ஆற்றிடைத் தீவில் அரங்கமும் விளங்கும் திருச்சிராப்பள்ளியில், நத்தர் வலி என்னும் சூபி ஞானியாரின் அடக்கத்தலம் தொன்மை மிக்கது. அப்பெரியார் வரலாற்றை ஆராய்வார்க்கு எழும் இடர்ப்பாடு ஒன்றனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

‘உலகின் முரசு’ எனப் பொருள்படும் தப்லே ஆலம் என்பது இவர்தம் சிறப்புப் பெயர். மேலை ஆசியாவில் அரசுரிமை துறந்து, கலந்தர்கள் தொள்ளாயிரவர் சூழ ஈண்டுப் போந்தார் என்பது வழிவழிச் செய்தி. மறைந்த ஆண்டினை ஹிஜ்ரி 417 (கி.பி. 1026–27) என்பாரும் கி.பி. 1039 என்பாரும் உளர். எதனைக் கொள்ளினும், அது 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன் காலமேயாம். மாலிக் காபூர் படையெடுப்போ 1311இல் நிகழ்ந்தது. ஆகலின், மரபு கூறும் காலத்தில் இவருக்குப் பின்னே படைவலியோ அரசோ இருந்திருத்தல் இயலாது.

எனினும், ஈண்டிருந்த முத்தலை அரக்கனை இவர் வென்றார் எனக் கதை கூறுகின்றது. இதனைச் சமயப் போரின் சான்றாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளல் ஆகாது என்பதே எம் கருத்து. தேவாரத்தில் இவ்வூர்ப் பெயர் ‘சிராப்பள்ளி’ என்றே வழங்குகின்றது. ‘திரு’ என்னும் அடை ‘திரி’ எனத் திரிந்த பின்னரே, திரிசிரன் என்னும் முத்தலை அரக்கன் வழிபட்ட தலம் என்னும் பெயர்க்காரணம் எழுந்திருத்தல் வேண்டும். தலபுராணத்தில் அவன் சிவனடியான். தர்காவின் கதையிலோ ஞானியாரிடம் தோற்றவன். ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த ஓர் உருவத்தையே இரு சமயத்தாரும் எடுத்தாண்டனர். எனவே, இக்கதை ஞானியார் காலத்து நிகழ்ச்சியை உணர்த்துவதன்று. அவரை இம்மண்ணுக்கு உரியவராக்கிக் கொண்ட பிற்காலத்தார் உள்ளத்தையே உணர்த்துவது.

பிற்கால வரலாறும் இதனை வலியுறுத்தும். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துப் பாரசீக நூலாகிய துசுக்கே வாலாசாகி, இந்நகரை நத்தர் நகர் என்றே குறிக்கின்றது. 1795இல் சென்னையில் மறைந்த நவாபு முகம்மது அலியின் உடல், பின்னர் ஈண்டுக் கொணர்ந்து அடக்கப்பெற்றது. ஆள்வோர் ஞானியாரின் அருகில் இடம் வேண்டினரேயன்றி, ஞானியார் ஆள்வோரை நாடினாரல்லர். இன்றும் இரமலான் திங்களில் நிகழும் உரூசு விழாவில் பல சமயத்தாரும் கூடுகின்றனர்.

வடபால் அரங்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. அரங்கன் திருமேனிபாற் காதல் கொண்டு, தில்லி அரண்மனை துறந்து வந்தவளாகக் கோயிலொழுகு கூறும் சுல்தான் மகள், ஆங்குத் துலுக்க நாச்சியார் எனப் போற்றப்படுகின்றாள். சிலையின்றி ஓவியமாகவே விளங்கும் அவளுக்கு ரொட்டி படைக்கப்பெறுகின்றது. தென்கரையில் முடி துறந்த மன்னர். தீவில் மாளிகை துறந்த மகள். இருவரும் வேற்றுநாட்டினின்று வந்தோர். இருவரையும் இவ்வூர் தன்னவராக ஏற்றது.

கதையில் ஆண்டினைத் தேடிக் காணாது அதனை ஒதுக்குதலும், கதையையே வரலாறெனக் கொண்டு பகை வளர்த்தலும் ஒருங்கே பிழையாம். யார், எக்காலத்து, எதன்பொருட்டுச் சொன்னார் என வினவுதலே ஆராய்ச்சி நெறி. அந்நெறி நிற்பார்க்கு, ஓர் ஊர் அயலாரைத் தன் உறவினராக்கிக் கொண்ட திறம் இக்கதைகளில் தெற்றென விளங்கும்.