ஃபோர்க் பைப்பில் ஓர் எண்ணெய் வளையம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களில் மூழ்கி நின்ற மோட்டார்சைக்கிள்கள் ஏராளம். தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதோடு மறந்துபோயிற்று. முன் ஃபோர்க்கைத் திறந்து பார்த்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள்.

ஃபோர்க் என்றால் சொகுசுக்கு, கை வலிக்காமல் இருப்பதற்கு என்றொரு நினைப்பு நமக்கு உண்டு. உண்மையில் அது பிரேக்கின் கூட்டாளி. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். எண்ணெயோ சின்னத் துளைகள் வழியே பிதுங்கி, அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். 1935இல் பி.எம்.டபிள்யூவின் ஆர் 12 வண்டியில் வந்த ஏற்பாடு இது. நம்மூர் ஸ்ப்ளெண்டர் வரை அடிப்படை மாறவில்லை. எண்ணெய் போய்விட்டால் மிச்சம் வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் துள்ளிக்கொண்டே போகும், துள்ளும் நேரத்தில் டயருக்கு ரோட்டில் பிடி இருக்காது. அந்த நேரத்தில் வண்டி எவ்வளவு தூரம் போய்விடும் என்பதற்கு, 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அல்லது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் கட்டாயம். பழைய சிடி 100, ஆர்எக்ஸ் 100 ஓட்டுகிறவருக்கு அந்தத் துணையும் இல்லை.

ஃபோர்க்கைச் சோதிக்கக் காசு வேண்டாம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். ஒருமுறை மேலே வந்து நின்றால் சரி; இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் குறைவு. மின்னும் பைப்பில் சீலுக்குச் சற்று மேலே ஈரமாக, தூசி அப்பிய வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. பலரும் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். மறுநாளும் வளையம் வரும், மறுநாளும் துடைப்பார்கள்.

வெள்ளத்தில் நின்ற ஒரு வண்டியின் ஃபோர்க்கைப் பட்டறையில் கழற்றியபோது பக்கத்தில் இருந்தேன். ஃபோர்க் காலின் அடியிலிருந்த, எண்ணெய் வடிக்கும் திருகை எடுத்ததும் டப்பாவில் விழுந்தது எண்ணெய் மாதிரியே இல்லை, ஆறிப்போன பால் டீ மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய். அடியில் கறுப்பாக மணல் படிந்திருந்தது. பைப்பை விரல் நகத்தால் வருடினால் ஓரிடத்தில் நகம் சிக்கியது. குரோம் பூச்சு அரித்து, குண்டூசி முனையளவு குழி. புது சீலின் ரப்பர் உதட்டைக் கிழிக்க அந்த ஒரு குழி போதும். சீல் மாற்றி ஒரு மாதத்திலேயே மறுபடி ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பைப்பைத்தான் நகத்தால் பார்க்க வேண்டும்.

எண்ணெயை மாற்றும்போது இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். அளவை வண்டியோடு வந்த கையேடு சொல்லும். 100 சிசி வண்டிகளில் ஒரு காலுக்கு 200 மில்லிக்கும் குறைவுதான். கொஞ்சம் கூட இருக்கட்டுமே என்று ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் சுருங்கி, அழுத்தம் கூடி, சீலையே தள்ளிவிடும். மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற சிக்கனமும் வேண்டாம். இன்னொன்று: முன்சக்கரம் தரையில் அழுந்தி நிற்க, மேல்மூடியைத் திருகாதீர்கள். அடியில் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் மூடியை முகத்தில் எறியும். இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து, சக்கரத்தைத் தூக்கிய பிறகு திறக்க வேண்டும்.

விழுந்த வண்டியின் வளைந்த பைப்பை அழுத்தி நிமிர்த்தி, ‘பெண்ட் எடுத்து’ மாட்டுவதும் நடக்கிறது. வளைந்த இடத்தில் பலம் திரும்புவதில்லை. புதுப் பைப்பின் விலை, வண்டி விலையோடு ஒப்பிட்டால் உறுத்தத்தான் செய்யும்.

ஒழுகிய எண்ணெய் காலோடு வழிந்து முன் டிரம்முக்குள்ளும் போகும். நனைந்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். காய்ந்த ஷூ முதல் நாள் நன்றாகவே பிடிக்கும். லைனிங்கில் ஊறிய எண்ணெய், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பிரேக்கைச் சூடாக்கி ஓட்டுகிற அன்றைக்குத்தான் வெளியே வரும்.