பிள்ளையோடு பெற்றோரும் தூரிகை பிடிக்கலாம்

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை ஓவிய வகுப்பிலோ இசை வகுப்பிலோ விட்டுவிட்டு, வெளியே ஒரு மணி நேரம் காத்திருப்பது பல பெற்றோரின் வழக்கம். பெற்றோருக்கான கலைப் பயிற்சிகள் அவர்களையும் வகுப்புக்குள் அழைக்கின்றன. பேச்சு வராத நேரத்திலும் பிள்ளையோடு உறவாடும் வழியை அங்கே அவர்கள் பழகுகிறார்கள்.

முதல் பாடம், பிள்ளையைப் பின்தொடர்வது. மகன் மேசையை மூன்று முறை தட்டினால் அம்மாவும் மூன்று முறை தட்டுகிறார். பிறகு பேசாமல் காத்திருக்கிறார். அவன் மீண்டும் தட்டினால், உரையாடல் தொடங்கிவிட்டது. “இது என்ன நிறம்? இப்படி வரை” என்று சொல்லியே பழகிய நமக்கு அந்தக் காத்திருப்புதான் கடினம்.

அடுத்தது, தொடுவுணர்வு. ஈரமான வண்ணம் விரலில் பட்டாலே சில பிள்ளைகள் கலங்கிவிடுவார்கள். அதை அடம் என்று நினைக்க வேண்டாம். வண்ணத்தைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி இறுக மூடி, மேலிருந்து அழுத்தி விளையாடச் செய்யலாம். சப்பாத்தி மாவு பிசைவதும் புள்ளிக் கோலம் போடுவதும்கூட நல்ல பயிற்சிகளே. அடுத்த புள்ளி எங்கே வரும் என்று முன்பே தெரிவது, திடீர் மாற்றங்களுக்கு அஞ்சும் பிள்ளைக்கு நிம்மதி தரக்கூடும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பத்து நிமிடம் செய்தால் போதும்.

சிங்கப்பூரில் பாத்லைட் பள்ளி, கலைத்திறன் மிக்க மாணவர்களுக்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது. 1993ல் தொடங்கி இன்று ‘ஆர்ட்டிஸ்’ என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, உடற்குறையுள்ளோருக்குக் கலைப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை.

சிறப்புத் தேவையுள்ளோர் பள்ளியில் பலருக்கு 18 வயதில் படிப்பு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு பகல் பொழுதின் பெரும்பகுதியைச் சிலர் வீட்டிலேயே கழிக்கிறார்கள். ஆசிரியரும் வகுப்பும் இல்லாத அந்த ஆண்டுகளில், பெற்றோர் கற்றுவைத்திருப்பது கைகொடுக்கும்.

பேச்சுப் பயிற்சிக்கோ மற்ற சிகிச்சைகளுக்கோ கலை மாற்றாகாது. அவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. அம்மா மட்டுமே இந்தப் பொறுப்பைச் சுமக்கவும் தேவையில்லை. பயிற்சிக்கு அப்பாவும் போகலாம். வீட்டில் தாத்தா பாட்டியும் தாளம் தட்டலாம். அந்தப் பத்து நிமிடம் அம்மா நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்கட்டும்.