நாடி பார்த்தால் போதுமா? வாய் திறக்க வேண்டாமா?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரே டாக்டர், டிரஸ்ஸரே நர்ஸ் என்றிருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளும் தாதித் தொழிலுக்குப் போகிறார்கள்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-இல் மட்டும் 39,835 பிரசவங்கள். நாளுக்கு நூற்றுக்கு மேல்! ஒவ்வொரு கட்டிலருகிலும் டாக்டர் நிற்க முடியுமா? தாதியின் கண்ணும் கையும்தான் காவல்.

கை கழுவுவது முதல் பாடம். வளர்ந்தவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100; மூச்சு 12 முதல் 20. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும்.

எண்ணி எழுதினால் மட்டும் போதாது. காலையில் தெளிவாய்ப் பேசியவர் மாலையில் உளறுகிறார், மூச்சு 28-க்கு ஏறிவிட்டது என்றால், அடுத்த ரவுண்டு வரை காத்திருக்கலாமா? உடனே மூத்த தாதியைக் கூப்பிட வேண்டும். நாமே செய்யக்கூடியது எது, மேலே சொல்ல வேண்டியது எது என்று பிரித்தறிவதே முடிவெடுக்கும் திறமை.

“கூப்பிட்டா திட்டுவாங்க” என்று பயந்து சும்மா இருந்தால் போவது ஓர் உயிர். சொன்னவரைத் திட்டாத வார்டு வேண்டும். அதைக் கேட்பதும் தொழிற்சங்க வேலைதான்!