எஞ்சினின் குளிரும் எமது டீசல் காசும்

சந்தைக்கு மரக்கறி ஏற்றி அனுப்பும் எமது குடும்பங்களுக்கு, விற்ற காசு கைக்கு வருமுன்பே கழிபட்டுவிடுவது லொறிக் கூலி. அந்தக் கூலியிலும் பெரும் பங்கு டீசலுக்கே போகிறது. பசளைக்கும் கிருமிநாசினிக்கும் சதக் கணக்குப் பார்க்கும் நாம் டீசலுக்கு அப்படிப் பார்ப்பதில்லை. "லொறி இப்ப நல்லாக் குடிக்குது, கூலியைக் கொஞ்சம் கூட்டித் தாங்கோ" என்று சாரதி சொன்னால் கூட்டிக் கொடுத்துவிடுகிறோம். ஏன் குடிக்கிறது என்று கேட்பது அவருடைய தொழிலில் தலையிடுவதாகும் என்று ஒதுங்கிவிடுகிறோம். கூலி கொடுப்பவர் கேட்கலாம். பல குடும்பங்கள் காசு சேர்த்து ஒரு பழைய லொறியை வைத்திருக்கும் இடங்களில் கட்டாயம் கேட்க வேண்டும். கேளாமல் விட்டால் சில வருடங்களில் லொறியும் மிஞ்சாது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏ-9 வீதியால் ஏறத்தாழ 180 கிலோ மீற்றர். போய்வர 360. ஒரு சிறிய லொறி லீற்றருக்கு 7 கிலோ மீற்றர் ஓடுமானால் 51 லீற்றரளவில் பயணம் முடிந்துவிடும். அதே லொறி 6 கிலோ மீற்றர்தான் ஓடுகிறது என்றால் 60 லீற்றர் வேண்டும். 2022 ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபா விற்றது. அந்த விலைக்கு, இந்த ஒரு கிலோ மீற்றர் வித்தியாசம் ஒரே பயணத்தில் ஏறத்தாழ 3,900 ரூபா. அந்த நாட்களில் காசு வைத்திருந்தவருக்கும் டீசல் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

இந்த ஒரு கிலோ மீற்றர் எங்கே தொலைகிறது? காரணங்கள் பல. அவற்றில் எமது பகுதியில் எவரும் அதிகம் பேசாத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம். அது குளிர்.

25 பாகையும் குளிர்தான்

வன்னி வெயிலில் குளிரைப் பற்றி எழுதுகிறார்களே என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள எமது உறவினர்கள் சிரிக்கமாட்டார்கள். அங்கே கடும் பனிக்காலத்தில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு பில்ரரை அடைத்துவிடும். அதைத் தடுக்க, மண்ணெண்ணெய் போன்ற இலேசான எண்ணெய் சேர்ந்த பனிக்கால டீசல் விற்கப்படுகிறது. அதில் லீற்றர் ஒன்றுக்குரிய எரிசக்தி சற்றுக் குறைவு. ஆகவே ஓடும் தூரமும் சற்றுக் குறைவு. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி, செல்சியஸ் 25 பாகையில் ஓடும் பெற்றோல் கார் ஒன்று, சைபருக்குக் கீழ் 7 பாகையில் நகருக்குள் சிறு ஓட்டங்கள் ஓடும்போது ஏறத்தாழ 15 வீதம் குறைந்த தூரமே ஓடும். ஐந்தாறு கிலோ மீற்றர் மட்டும் ஓடி நிறுத்தினால் இழப்பு 24 வீதம் வரைக்கும் போகலாம்.

எமக்குரிய செய்தி இந்தக் கடைசி வசனத்தில் இருக்கிறது. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை அடையுமுன்பே நிறுத்தப்படுகிறது. லொறியின் டீசல் எஞ்சின் திறமாக வேலை செய்வது, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 முதல் 90 பாகைச் சூட்டில் இருக்கும்போது. எமது பகுதியில் மார்கழி, தை விடியற்காலை 20 பாகையளவுக்கு இறங்கும். சித்திரை மத்தியானத்தில் 35 பாகை. எமக்கு அது குளிர், இது வெயில். எஞ்சினுக்கு இரண்டும் குளிர்தான்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் நடப்பது இது. பீச்சப்படும் டீசல் முழுவதும் எரிவதில்லை. எரிந்து வரும் சூட்டின் ஒரு பகுதியைக் குளிர்ந்த இரும்பு இழுத்துக்கொள்கிறது. ஒயில் தடித்து நிற்பதால் எஞ்சின் தன்னைத்தானே சுற்றுவதற்கே கூடுதல் பலம் செலவாகிறது. கியர்பெட்டியிலும் பின் டிபரென்சலிலும் உள்ள ஒயில் சூடேற இன்னும் அதிக நேரம் எடுக்கும். எரியாத டீசல் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கிறது. ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது, ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது பெரும்பாலும் டீசல்.

1990 இன் பின்னர் எரிபொருள் தடையிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆனால் ஸ்ராட் செய்ய மட்டும், சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகள் வேண்டியிருந்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; சூடேறிய பிறகு அதே மண்ணெண்ணெயில் ஓடும். காசு கொடுத்தும் கிடைக்காத பெற்றோலைத் துளித்துளியாக எண்ணிக் கற்ற பாடம் அது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் குளிர் கூடுதலாகவே செலவு வைக்கிறது. குடியிருப்பு ஓரிடம், காணி இன்னோரிடம். விடியவே லாண்ட்மாஸ்ரரிலோ பட்டாவிலோ நாலு கிலோ மீற்றர் போய் நிறுத்துவது, பத்து மணிக்குச் சாப்பாடு எடுக்கத் திரும்புவது, பின்னேரம் நீர் இறைக்க மீண்டும் போவது. ஒவ்வொரு ஓட்டமும் குளிர்ந்த எஞ்சினோடு தொடங்கி, அது சூடேறும் நேரத்தில் முடிகிறது. ஒரு நாளில் ஓடிய தூரம் ஒன்றேயானாலும், அதை நாலு துண்டாக ஓடுவதற்கும் ஒரே மூச்சில் ஓடுவதற்கும் டீசல் ஒன்றல்ல. பசளையும் ஆட்களும் சாப்பாடும் ஒரே தடவையில் போகும்படி அயல் குடும்பங்கள் இரண்டு மூன்று பேசிக்கொண்டால், எந்தச் செலவுமின்றி டீசல் மிஞ்சும்.

எஞ்சினைச் சூடேற்றுகிறோம் என்று நிறுத்திய இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிடுவதும் வீண். சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் இலகுவில் சூடேறாது. ஒயில் விளக்கு அணைந்து, காற்றுப் பிரேக் உள்ள லொறியென்றால் அதன் அமுக்கமும் ஏறியபின், முதல் சில கிலோ மீற்றர்களை மெதுவாக, மிதிக்காமல் ஓட்டுவதே சரி. சந்தையில் முறைக்குக் காத்து நிற்கும்போதும் அணைத்துவிட வேண்டும். அமெரிக்காவின் நெடுந்தூர லொறிகள் சும்மா நின்று ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் எரிக்கின்றன என்பது அங்குள்ள கணக்கு. எமது சிறிய லொறிகள் அவ்வளவு எரிக்கா. ஆனாலும் எரிப்பவைதான்.

கழற்றி எறிந்த தேர்மோஸ்ரற்

குளிர் எமது லொறிகளுக்குள் புகும் இன்னொரு வழி எமது கிணற்றிலிருந்து தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியின் பல இடங்களிலும் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்த வன்நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டில் பார்த்திருப்போம். அதே நீரை றேடியேற்றரில் ஊற்றினால் அதே படிவு அதன் மெல்லிய குழாய்களுக்குள் படிகிறது. நீர் ஓடும் வழி அடைபடுகிறது. ஒரு நாள் பாரத்தோடு போகும்போது எஞ்சின் கொதிக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோகிறோம். அங்கே அடிக்கடி செய்யப்படும் வைத்தியம், தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடுவது.

தேர்மோஸ்ரற் என்பது எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்கு நீர் போகும் வழியில் உள்ள சிறு வாயில். எஞ்சின் குளிராக இருக்கும்வரை மூடியிருந்து, நீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். 80 பாகையளவில் தானாகத் திறக்கும். அதைக் கழற்றியதும் நீர் எந்நேரமும் றேடியேற்றரூடாக ஓடும். பல லொறிகளில் கொதிப்பு நின்றுவிடும். "வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை" என்ற சமாதானமும் கிடைக்கும். ஆனால் இரவில் வவுனியா தாண்டி வெறும் லொறியாகத் திரும்பும்போது எஞ்சின் வேண்டிய சூட்டை அடைவதேயில்லை. முழுப் பயணமும் குளிர்ந்த எஞ்சினோடு ஓடியதாக முடியும். சிலவகை எஞ்சின்களில், கழற்றினால் நீர் குறுக்கு வழியால் சுற்றி, கொதிப்பு இன்னும் கூடுவதும் உண்டு. அடைபட்ட றேடியேற்றரோ அடைபட்டபடியே இருக்கிறது.

உங்கள் லொறியில் தேர்மோஸ்ரற் இருக்கிறதா என்று அறிய மெக்கானிக் தேவையில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்து, றேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். காற்றாடியிலும் பெல்ற்றிலும் சேலையோ சாரமோ படாமல் கவனம். தேர்மோஸ்ரற் சரியாக இருந்தால் ஹோஸ் சிறிது நேரம் குளிராகவே இருந்து, பின்னர் குறுகிய நேரத்தில் நன்றாகச் சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால், அது இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. கழற்றிய தேர்மோஸ்ரற்றை அடுப்படியிலேயே சோதிக்கலாம். சட்டியில் நீர் வைத்து, நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்கினால், நீர் கொதிக்குமுன் அது திறக்க வேண்டும்; ஆறியதும் மூட வேண்டும்.

றேடியேற்றரைக் கழுவி அடைப்பு எடுப்பித்து, தேர்மோஸ்ரற்றைத் திரும்பப் போடுவதே முறையான வைத்தியம். அதன்பின் கடையில் விற்கும் கூலன்ற் ஊற்றுவது நல்லது. முடியாவிட்டால் மாரியில் பீலியால் பிடித்து, துணியால் வடித்த மழை நீர் கிணற்று நீரிலும் எவ்வளவோ மேல். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

நுவரெலியா ஏற்றத்தின் கணக்கு

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு நுவரெலியாப் பாதை பழக்கமானது. அங்கே போய்க் கரட், லீக்ஸ் ஏற்றிவரும் லொறிகள் "குளிரால் டீசல் கூட முடிகிறது" என்பது சாரதிகள் வழக்கமாகச் சொல்வது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை மாத இரவுகளில் சில வருடங்களில் புல்லில் துகள் உறைபனியும் விழும். குளிர் உண்மைதான். ஆனால் பழி முழுவதையும் அதன் மேல் போடுவது சரியல்ல. மொத்தம் 5 தொன் நிறையுள்ள லொறி ஒன்றை 1,800 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், எமது கணக்குப்படி, ஏறத்தாழ 7 லீற்றர் டீசல் வேண்டும். அது குளிரின் செலவல்ல, மலையின் செலவு. அந்த உயரத்தில் காற்றும் ஆறில் ஒரு பங்களவு ஐதாகிவிடுவதால், ரேபோ இல்லாத பழைய எஞ்சின்கள் மூச்சுத் திணறிக் கரும்புகை விடும். அவ்வேளை மேலும் மிதித்தால் புகைதான் கூடும். கியரைக் குறைப்பதே வழி.

ரயரும் குளிரில் காற்றிறங்கும். சமவெளியின் மத்தியான வெயிலில் அளந்த காற்று, மலையின் விடியற்காலையில் அளக்கும்போது குறைந்திருக்கும். சூடான ரயரில் காற்றுக் கூடியிருப்பதாக எண்ணித் திறந்துவிடும் பழக்கம் கூடாது. ஓடுமுன், காலையில் அளப்பதே அளவு.

புகையும் கையும்

மற்றப் பராமரிப்பு வேலைகள் வாசகர்கள் ஓரளவு அறிந்தவையே. கிரவல் வீதியில் ஓடும் லொறிக்குக் காற்றுப் பில்ரரை அடிக்கடி பார்க்க வேண்டும். கடதாசிப் பில்ரரை உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடித்துத் துப்புரவாக்கலாம், நீரில் கழுவக்கூடாது. பரலில் வைத்த டீசலை வடித்து ஊற்ற வேண்டும். ஒயில் குடிக்கிறது என்பதற்காகத் தடித்த ஒயில் மாற்றி ஊற்றுவது நோயை மறைக்கும், டீசலையும் தின்னும்.

புகையைக் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். குளிரில் ஸ்ராட் செய்யும்போது சற்று நேரம் வரும் வெண்புகை எரியாத டீசல். சூடேறியதும் நிற்க வேண்டும். நில்லாமல் தொடர்ந்தால் இன்ஜெக்ரரையோ, எஞ்சினுக்குள் நீர் கசிகிறதா என்பதையோ பார்க்க வேண்டும். கரும்புகை காற்றுப் போதாமல் எரியும் டீசல். நீலப்புகை எரியும் ஒயில்.

இன்னொரு சோதனை கையால் செய்வது. சமவீதியில் ஓடி நிறுத்தியதும் நாலு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலும் கூடச் சூடாக இருந்தால் அந்தச் சில்லில் பிரேக் பிடித்தபடி இருக்கக்கூடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே தம்புள்ளை வரை போய்வரும் லொறிகள் இருக்கின்றன.

இவையெல்லாவற்றுக்கும் முன், லொறிக்கு ஒரு கொப்பி போடுங்கள். ராங்கை வாய்வரை நிரப்பி மீற்றர் எண்ணைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும் அதே நிலையத்தில் வாய்வரை நிரப்பி, எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோ மீற்றர் ஓடியது என்று எழுதி வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஏற்றிய பாரத்தையும் போன பாதையையும் பக்கத்தில் குறித்தால்தான் நுவரெலியாப் பயணத்தைத் தம்புள்ளைப் பயணத்தோடு ஒப்பிட்டுச் சாரதியோடு வீண் சண்டை பிடிக்காமலிருக்கலாம். மடுத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப்போன நாளையும் விடாமல் எழுதுங்கள். கொப்பியைச் சாரதி எழுதட்டும். மாதக் கடைசியில் குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையானாலும் போதும், கூட்டிப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கட்டும்.